தொட்டியில் பிள்ளைகள் இருந்த சனிக்கிழமை

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குத் திரை இருக்கிறது. திரையில் பச்சையும் சிவப்பும் இருக்கின்றன, அவற்றைத் தொட உங்களுக்கு விரல்கள் இருக்கின்றன. திரையைத் தொடுவதில் உங்கள் தலைமுறையை யாரும் மிஞ்ச முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எதைத் தொடாமல் இருப்பது என்பதுதான். அதையும் ஒரே ஒரு தடவைதான் ஒழுங்காகச் செய்தேன். அன்று என் மகள் ஆற்றுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

நம் நிலையத்தை நீங்கள் இன்னும் முழுதாகச் சுற்றிப் பார்த்திருக்க மாட்டீர்கள், குறிப்பாக ஏறவேண்டிய பக்கத்தை. அதனால் சொல்லிவிடுகிறேன். ஜெராய் மலையிலிருந்து யான் ஊர்ப் பக்கமாக இறங்கும் சின்ன ஆறு நம்முடையது. மேலே காட்டுக்குள் ஒரு சிறு அணை. தண்ணீரைச் சேர்த்துவைக்க ஏரி எதுவும் கிடையாது. வருகிற தண்ணீரில் பெரும்பகுதி அணையில் உள்ள கதவு வழியாகப் பைப்புக்குள் புகுந்து, சரிவில் இறங்கி, கீழே நம் இரண்டு இயந்திரங்களைச் சுற்றிவிட்டு மறுபடி ஆற்றிலேயே போய்ச் சேரும். ஆகவே அணைக்கும் நிலையத்துக்கும் நடுவிலுள்ள ஆற்றில், இயந்திரங்கள் ஓடும் வரைக்கும், கொஞ்சம் தண்ணீர்தான் போகும். அந்த நடுத்துண்டில், வளைவு தாண்டி, பாறைகளுக்கு மத்தியில் முட்டி ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. நாங்கள் அதைத் தொட்டி என்போம்.

நிலையத்து ஊழியர்களின் குடும்பங்கள் சனி ஞாயிறுகளில் தொட்டிக்குத்தான் போகும். குழந்தைகளுக்குப் பிறந்தநாள் என்றால் தொட்டி, பள்ளி விடுமுறை என்றால் தொட்டி. மற்ற ஆறுகளில் தண்ணீர் எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது, இந்த ஆற்றின் குழாய் எங்கள் கையில் இருக்கிறது என்ற நினைப்பு. இதில் நான் யார் என்று தெரிந்தால்தான் வேடிக்கை புரியும். என் மகள் தர்ஷினியை சுங்கை பட்டாணி நீச்சல் குளத்துக்கு விடாதவள் நான். பள்ளியிலிருந்து தஞ்சோங் டாவாய்க்குப் படகில் கூட்டிப் போகிறோம் என்றபோது, படகு வேண்டாம், கரையில் நின்று பார்க்கட்டும் என்று ஆசிரியையிடம் பேரம் பேசியவள். அப்படிப்பட்டவள், மலையாற்றில் உள்ள ஒரு பள்ளத்துக்கு மட்டும் மீகூன் வறுத்துக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். மேலே தண்ணீர் வந்தால் எனக்குத் தெரியாதா, நான்தானே கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று.

எனக்கு முன்னால் இருந்த ஷிப்ட் தலைவர் விட்டுப்போன விதி ஒன்று உண்டு. தண்ணீர் கலங்கினால் கதவை மூடு, இயந்திரத்தை நிறுத்து. மணலோடு வரும் தண்ணீர் இயந்திரத்தின் சக்கரத்தைத் தின்றுவிடும். அவர் கோபக்காரர், ஆனால் விதியைச் சொல்லும்போது மட்டும் தாலாட்டுப் போல மெதுவாகச் சொல்வார். அவர் காலத்து மழை அப்படி. ஜெராயின் உச்சியில் மேகம் கட்டும், கீழே நெல்வயலில் காற்று புரளும், நாங்கள் பாலில்லாத தே ஓ குடித்து முடிப்போம், அதன் பிறகுதான் மழை அலுவலகத்துக்கு வரும் அதிகாரி மாதிரி நேரம் எடுத்துக்கொண்டு வரும். ஆறு கலங்கும், பிறகு ஏறும், பிறகு இறங்கும். எல்லாவற்றுக்கும் இடைவெளி இருந்தது. விதி அந்த இடைவெளிக்காக எழுதப்பட்டது.

நான் சொல்லும் வருடத்தில் முதலில் மழையே இல்லை. வழக்கமான வறட்சிதான் என்று நினைத்தோம், அது முடியவே இல்லை. ஒரு இயந்திரத்தை நிறுத்தினோம். பிறகு இன்னொன்றையும். மின்சாரம் எடுக்க வந்தவர்கள் உட்கார்ந்து வறண்ட ஆற்றைப் பார்த்தோம். மேலணையில் வேலை பார்த்த குமார் என்ற தம்பி சும்மா இருக்க மாட்டாதவன். காய்ந்த கரையில் மிளகாய் நட்டான். அது காய்த்தது. “அக்கா, இந்த மாசம் ஸ்டேஷன்ல உற்பத்தி நான் மட்டுந்தான் பண்றேன்” என்று வாக்கி டாக்கியில் அறிவிப்பான். கீழே யானில் நெல் விதைத்தவர்கள் எங்களைப் பார்த்து, தண்ணீரை நாங்கள்தான் மலையில் ஒளித்துவைத்திருக்கிறோம் என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கேட்டார்கள்.

பிறகு மழை வந்தது. வரவேண்டிய மாதத்தில் வரவில்லை, வரவேண்டிய விதத்திலும் வரவில்லை. மலையின் ஒரு மடிப்பில் மட்டும் வாளியைக் கவிழ்த்தது போல் கொட்டும், இந்தப் பக்கம் துணி காயும். ஆறு சட்டென்று ஏறினால் தானாக ஒலிக்கும் சைரன் ஒன்றை முன்பே பொருத்தியிருந்தார்கள். பழைய காலத்தில் அதன் குரலையே நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். அந்த வருடம் அது வாரத்துக்கு வாரம் கத்த ஆரம்பித்தது. பெரும்பாலும் தண்ணீர் ஒரு சாண் ஏறும், இறங்கிவிடும்.

இங்கேதான் நாங்கள், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு புத்திசாலித்தனத்தைச் செய்தோம்.

சைரன் கத்தினால் தொட்டியில் இருக்கும் குடும்பங்கள் பயந்துவிடுமே என்று, பலகையில் அளவைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று நான் போன் செய்து சொல்லத் தொடங்கினேன். தொட்டிக்குள் சிக்னல் சரியாக இருக்காது. மணி அடிக்கும், பேச்சு உடையும். அதனால் பேசுவதை விட்டுவிட்டு மிஸ்டு கால் மட்டும் கொடுத்தேன். சைரன் கத்தும், எல்லோரும் கரையோரம் ஒதுங்குவார்கள், என் மிஸ்டு கால் வரும், திரும்பவும் இறங்கிவிடுவார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அதுவாகவே பழக்கமாயிற்று. கொஞ்ச நாளில் கரையோரம் ஒதுங்குவதும் நின்று, தண்ணீரில் நின்றபடியே போன் அடிக்கட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். குமாரின் மனைவி செல்வி ஒருநாள் என்னிடம் சொன்னாள், “சைரன் கேட்டா பயமில்லக்கா. உங்க போன் கேட்டா நிம்மதி.” எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் இரண்டு இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடின. அதனால் தொட்டியில் தண்ணீர் குறைவு, குழந்தைகளுக்கு ஏற்ற நாள். செல்வி தன் இரண்டு பிள்ளைகளை, பெரியவனையும் சின்னவளையும், கூட்டிப் போனாள். அவர்களைப் பார்த்துக்கொள்ள தர்ஷினியும் போனாள். அப்போது அவள் பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். குமார் மேலணையில், நான் கீழே கட்டுப்பாட்டு அறையில்.

“அக்கா, மகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு அனுப்பலையா?” குமார் வாக்கி டாக்கியில் கேட்டான்.

“முட்டி அளவு தண்ணிக்கு எதுக்குடா?”

“இல்ல, வீட்டு பாத்ரூமுக்கே நீங்க போடுவீங்கன்னு செல்வி சொன்னா.”

“உன் மிளகாய்க்குப் போடு போ.”

சிரித்தான். ஜன்னலுக்கு வெளியே வெயில். அவர்கள் தொட்டிக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே நான் தர்ஷினிக்கு நாலைந்து முறை போன் செய்திருப்பேன். சாப்பிட்டியா, சன்ஸ்கிரீன் போட்டியா, சின்னவள் கையைப் பிடிச்சிருக்கியா. கடைசி முறை அவள் எடுக்கவே இல்லை.

பிறகு குமாரின் குரல் மறுபடி வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

“அக்கா, தண்ணி கலங்குது. தே தாரேக் கலரு, பால் டீ மாதிரி.”

“மேல மழையா?”

“இங்க நல்ல வெயிலு, முதுகு காயுது. ஆனா இலை வருது. பச்சை இலை, கொப்போட ஒடிஞ்சு.”

பழுத்த இலை என்றால் தரையில் கிடந்தது. பச்சை இலை கொப்போடு வருகிறது என்றால் மேலே எங்கோ மரம் பிய்கிறது. பலகையில் ஆற்றின் அளவு இன்னும் அசையவே இல்லை. சைரன் தானாக ஒலிக்க அந்த அளவு ஏறவேண்டும். நான் காத்திருக்கவில்லை, கையால் அழுத்தினேன். அது மலையில் மோதித் திரும்பி வந்தது.

அடுத்ததாக விதிப்படி என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். கலங்கினால் மூடு. என் கை அதற்குப் பாதி தூரம் போய்விட்டது. கதவை மூடினால் பைப்புக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீர் அத்தனையும் அணைமேல் வழிந்து நேராக நடுத்துண்டுக்கு இறங்கும். வெள்ளம் வருவதற்கு முன்னாலேயே நானே ஒரு வெள்ளத்தை அனுப்பியதாக இருக்கும். மற்ற நாட்களில் அதனால் ஒன்றுமில்லை. அன்று அந்தத் துண்டில் நான்கு பேர்.

“குமார், கதவை மூடாதே.”

“மூடாமயா?”

“ஸ்கிரீன்ல இலை அடைக்காம வாரிக்கிட்டே இரு. பைப்பு குடிக்கிற வரைக்கும் குடிக்கட்டும்.”

ஸ்கிரீன் என்பது பைப்பின் வாயில் இருக்கும் கம்பித் தடுப்பு. அது இலையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாது, மூடியதற்குச் சமம். குமாருக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஆற்றில் நிற்பது அவன் பிள்ளைகள்.

“சரிக்கா” என்றான். வாருகோல் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்க, “செல்வி உங்க மிஸ்டு காலுக்குத்தான் நிப்பா” என்றான்.

மேசையில் என் கைப்பேசி கிடந்தது. என் விரல் ஏற்கெனவே அதன் மேல் இருந்தது. மகள் என்ற பெயரைத் தொட்டால் போதும். அப்போதுதான் உறைத்தது. தொட்டியில் என் போன் மணி அடித்தால் அவர்களுக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஒன்றுமில்லை, தண்ணீரில் இறங்குங்கள். எடுத்தால் பேசலாம், ஆனால் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் பேச்சு உடையும். குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தச் சத்தமும் அதே பொருள்தான். மாதக்கணக்காக நானே பழக்கிவைத்த மொழி. அதில் ‘ஓடு’ என்பதற்கு நான் சொல் வைக்கவே இல்லை.

கைப்பேசியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். பெற்ற பிள்ளை தண்ணீரில் நிற்க, அவளுக்குப் போன் செய்யாமல் இருப்பதுதான் செய்யக்கூடிய ஒரே காரியம் என்றால் அது எப்படி இருக்கும் என்று உங்களில் பிள்ளை பெற்றவர்கள் யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் உங்கள் அம்மாவை யோசியுங்கள்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். எல்லோரும் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கேட்டவர்கள். நிலையத்திலிருந்து தொட்டிக்கு மேடேறும் பாதை, என் முட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைவிட, நான் எழுந்தால் இயந்திரங்கள் நின்றுவிடும் நிலையில் இருந்தன. மணல் உள்ளே புகுந்திருந்தது. அதிர்வு கூடிக்கொண்டே போயிற்று. அது ஒரு எல்லையைத் தாண்டினால் இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அப்போது தண்ணீர் அத்தனையும் பிள்ளைகள் மேல்தான் போகும். பேராசைப்பட்டு இரண்டையும் முழு வேகத்தில் விட்டால் இரண்டும் போய்விடும். முதலாவதைக் கொஞ்சம் தளர்த்தினேன். அதிர்வு இறங்கியது. இரண்டாவதைப் பிடித்துவைத்தேன், அது முனகியது, மறுபடி தளர்த்தினேன். காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டு ஆட்டுவது மாதிரிதான். ஒரு கையால் சைரனை மறுபடி அழுத்தினேன். அந்த மாதங்களில் அது இரண்டு தடவை கத்துவதும் வழக்கமாகியிருந்தது, அதுவும் எனக்குத் தெரியும்.

மேசைத் தொலைபேசி அடித்தது. எங்கள் எஞ்சினியர். வயதில் என்னைவிடச் சின்னவர், மலாய்க்காரர், அலோர் ஸ்டார் அலுவலகத்தில் இருந்தபடி தன் திரையில் அதிர்வைப் பார்த்துவிட்டார். ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று மலாயில் கேட்டார்.

“தொட்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்றேன்.

“இயந்திரம் எவ்வளவு நேரம் தாங்கும்?”

“என்னைவிட அதிக நேரம் தாங்கும்.”

“அப்படியென்றால் ஓட்டுங்கள். நான் லைனிலேயே இருக்கிறேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லைனை வைக்கவும் இல்லை. யாராவது ஒருவர் மறுமுனையில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அன்று தெரிந்துகொண்டேன். நீங்களும் ஒருநாள் மேலதிகாரி ஆவீர்கள். இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

“அக்கா, மரம் வருது” என்றான் குமார். “முழு மரம்.”

பலகையில் ஆற்றின் அளவு இப்போது ஏறத் தொடங்கியது. தொட்டியில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கும். முட்டியில் இருந்தது இடுப்புக்கு வரும். சின்னவளுக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். போடக்கூடாத கணக்கு.

இழுப்பறைக்குள் கைப்பேசி அடித்தது.

அதைத் திறக்க எனக்கு இரண்டு தடவை ஆயிற்று. தர்ஷினி.

“அம்மா, ஏன் மிஸ்டு கால் குடுக்கல?”

“நீ எங்க நிக்கிற?”

“மேல. பைப்ப ஒட்டிப் போற ரோட்டுல.”

“எல்லாரும்?”

“எல்லாரும். செல்வி ஆன்டி, ரெண்டு குட்டீஸ், நான், மீகூன் சட்டி.”

“எண்ணிப் பாரு.”

“அம்மா, நாலு பேர்தாம்மா. எண்ண என்ன இருக்கு?”

“எண்ணிச் சொல்லு.”

எண்ணினாள். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். நான் குமாரிடம் வாருகோலைப் போட்டுவிட்டு மேலே ஏறச் சொன்னேன், எஞ்சினியரிடம் நிறுத்துகிறேன் என்றேன், இரண்டு இயந்திரங்களையும் நிறுத்தினேன். அறை அமைதியானது. அந்த அமைதியில்தான் அது வருவது கேட்டது. மலாய்க்காரர்கள் அதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. லாரியில் கருங்கல் கொட்டும்போது ஒரு சத்தம் வருமே, கொட்டி முடிக்காமல் கொட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஜன்னலுக்கு வெளியே அப்போதும் வெயில்தான்.

தண்ணீர் இறங்கியதும் பைப் ரோட்டுக்குப் போனேன். மகளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் என்றுதான் போனேன். பார்த்ததும் வாயில் வந்தது, “தலையைத் துவட்டல பாரு, சளி பிடிக்கும்.” குமார் தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரே கையில் அணைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். செல்விதான் நடந்ததைச் சொன்னாள்.

“சைரன் அடிச்சதும் நான் போனைக் கையில தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேங்கா, சிக்னல் வரட்டும்னு. புள்ளைங்க தண்ணியிலதான் இருக்கு. கொஞ்சம் கீழ, கூலிம் ஊரு ஃபேக்டரி பசங்க பிக்னிக் வந்திருந்தாங்க. அவனுங்க சைரன் கேட்டதும் ரெண்டாம் பேச்சே இல்ல, ரெண்டாங் கறிச்சட்டி முதற்கொண்டு விட்டுட்டு ஓடிட்டானுங்க. நான் சிரிச்சேங்கா. பாவம், தெரியாதவனுங்கன்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் உங்க மக என்னைப் பாத்து, ‘ஆன்டி, அம்மா இன்னும் அடிக்கல’ன்னா. மறந்திருப்பாங்கன்னேன்.” செல்வி தர்ஷினியைப் பார்த்தாள். “நீயே சொல்லு.”

தர்ஷினி என்னைப் பார்க்காமல் சொன்னாள். “எங்கம்மா மறக்கிற ஆள் இல்லன்னு சொன்னேன். சும்மா இருந்தாலே அஞ்சு தடவ அடிப்பாங்க. அவங்க அடிக்கலன்னா அவங்களுக்குக் கை ஒழியல. கை ஒழியலன்னா மெஷின்ல என்னமோ பிரச்சன. அவ்ளோதான், சின்னவள இடுப்புல தூக்கிட்டேன்.”

“என்னை ஒரு அதட்டு அதட்டுனா பாருங்க. அப்படியே உங்களப் போலயேக்கா” என்றாள் செல்வி.

அவர்கள் பாறையைப் பிடித்து ஏறும்போது தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியதாம். பாதி வழியில் பெரியவன் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஏறும் அளவுக்கு நேரம் இருந்ததாம். அந்த நேரத்தைத்தான் மேலே குமார் வாரிக்கொண்டிருந்தான். கீழே இரண்டு இயந்திரங்கள் மணலைக் குடித்துக்கொண்டிருந்தன.

சக்கரங்களைப் பிறகு கழற்றிப் பார்த்தோம். ஓரமெல்லாம் கடித்து வைத்த கெரோப்போக் அப்பளம் மாதிரி இருந்தது. தலைமையகத்திலிருந்து வந்தவர்கள், கலங்கிய தண்ணீரில் யார் ஓட்டச் சொன்னது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எஞ்சினியர், “என்னுடைய உத்தரவு” என்றார். பிறகு அவர் விதியைத் திருத்துவதற்காக எங்கள் குடும்பங்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். தொட்டி பாறையால் மூடிப் போயிருந்தது. மிச்சமிருந்தாலும் இனி யாரும் இறங்கக்கூடாது என்றார். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஆனால் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் பாலத்தடியில் கடைகள் இருக்கின்றன, வீடுகள் இருக்கின்றன. சைரன் அவர்களுக்கும்தான். என் மிஸ்டு கால் வழக்கம் செல்வி வழியாகக் கடைக்காரர்கள் வரைக்கும் பரவியிருந்தது அன்றுதான் எனக்கே தெரியும்.

“சைரன் அடிச்சா யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது” என்றாள் தர்ஷினி. “பேசாம ஏறிடணும்.”

“அது எப்படிம்மா?” என்றாள் செல்வி. “மாசத்துல எத்தன தடவ அடிக்குது. ஒண்ணுமில்லன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாதுல்ல ஆன்டி. தெரியாமதான் ஏறணும்.”

எஞ்சினியர் அதை மலாயில் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். நம் நடைமுறையில் இன்று இருக்கும் வரி அதுதான், கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டிருக்கிறது.

பழைய ஷிப்ட் தலைவரின் விதி தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவர் பார்த்த மழைக்கு அது சரி. இப்போது மலையில் பெய்வது வேறு மழை. மாதக்கணக்கில் காய்ந்த மண்ணின் மேல் ஒரே மூச்சில் விழுகிறது, மண்ணையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. நீங்கள் எல்லோரும் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடத்தில் படித்துவிட்டு, படங்களும் அம்புக்குறிகளுமாக வருகிறீர்கள். நல்லது. ஆனால் அது நிலையத்துக்குள் வரும்போது அம்புக்குறியோடு வராது. வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் ஒரு பச்சை இலையாக வரும். நம் கையிலிருக்கும் ஒவ்வொரு விதியையும் எடுத்து, இது எந்த மழையைப் பார்த்து எழுதியது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியும் என்ற நினைப்பு எங்கெல்லாம் வசதியாக உட்கார்ந்திருக்கிறதோ, அங்கெல்லாம் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். அன்று முதலில் தப்பித்தவர்கள் ஒன்றும் தெரியாத கூலிம் பையன்கள்தான். ரெண்டாங் மட்டும் போயிற்று.

நான் உரிய வயதாகும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டேன். முட்டிவலி என்று எழுதிக் கொடுத்தேன், அதுவும் பொய்யில்லை. பீடோங்கில் எங்கள் வீட்டுக் குழாயில் சில நாள் தண்ணீர் கலங்கி வரும். எங்கோ பைப் ரிப்பேர், அவ்வளவுதான். நான் குழாயை மூடிவிட்டு, அரிசியை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்காருவேன். அன்று என் கணவரே சமைப்பார். தர்ஷினி இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியில் இருக்கிறாள். கம்பெனி பஸ் ஏறியதும் எனக்கு மெசேஜ் போடவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பஸ் ஏறும் முன்பே போட்டுவிட்டுத் தூங்கப் போகிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

வேலையின் கடைசி வாரத்தில், ஷிப்ட் முடிந்து, பாலத்தடியில் ஒரு மலாய் அம்மாவின் கடையில் தேநீருக்கு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். சைரன் கத்தியது. கடையில் இருந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பிசாங் கோரேங் பொரித்துக்கொண்டிருந்த அந்த அம்மா, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நிலையத்து அக்கா இங்கேயே இருக்கிறாளே, அவளுக்குத் தெரியாதா என்று.

“ஒன்றுமில்லைதானே, அக்கா?” என்று அந்த அம்மா மலாயில் கேட்டார். ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே.

எனக்குப் பின்னால் மலை தெளிவாக இருந்தது. மேகம் இல்லை. என்னைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது.

“தெரியாது” என்றேன். “ஏறுங்கள்.”

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேட்டில் நின்று எல்லோரும் ஆற்றைப் பார்த்தோம். ஆறு எங்களைப் பார்த்தது. ஒரு சாண் ஏறியது, இறங்கியது. வேறு எதுவும் வரவில்லை. கீழே வந்தபோது அடுப்பை அணைக்க மறந்ததில் பிசாங் கோரேங் அத்தனையும் கருகிப் போயிருந்தது. அந்த அம்மா அவற்றை ஒரு தட்டில் அடுக்கி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

எல்லாவற்றையும் தின்றேன்.